இறுதிப்போட்டியும் சோடா மூடிகளும்

நளீர் நானாவின் தேத்தண்ணிக் கடையில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கால்பந்தாட்டம் நடக்கும். மைதானம், கடையின் நீள மேசை. ஆட்டக்காரர்கள், இருபத்திரண்டு சோடா மூடிகள். பந்து, ஒரு புளியங்கொட்டை.

பார்க்க விளையாட்டுப் போல இருக்கும். கிட்டப் போனால் சாவீடு மாதிரித்தான்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே நாளில்தான் மட்டக்களப்பின் ‘வாவி றேஞ்சர்ஸ்’ கொழும்பில் லீக் இறுதிப்போட்டி ஆடித் தோற்றது. அடுத்த மாதமே சம்பளம் கொடுத்த கம்பெனி கையை விரித்தது. ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் கட்டாருக்குப் போனார்கள். மைதானத்தில் இப்போது பழைய லொறிகள் நிற்கின்றன. அணி போய்விட்டது, ரசிகர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

அந்த ஆட்டத்தில் எண்பத்தொன்பதாவது நிமிடத்தில் பந்தைக் கை நழுவவிட்ட கோல்காப்பாளரின் பெயர் ஷோன். அவருடைய மகள்தான் வேரா. பத்து வயது.

“ஓட்டைக்கைட மகள்” என்று பள்ளிக்கூடத்தில் அவளைக் கூப்பிடுவார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த நாள் வந்தால் அவள் ‘டடா’ என்று கூப்பிடும் அப்பா சாப்பிடமாட்டார். மோட்டார் சைக்கிள் திருத்தும் சாமான்களைக்கூடத் தொடமாட்டார். சுவரைப் பார்த்தபடி இருப்பார். இன்றைக்கும் அம்மா வைத்த பிட்டைத் தள்ளி வைத்துவிட்டார். வேராவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. நேரே தேத்தண்ணிக் கடைக்கு நடந்தாள்.

உள்ளே பழங்கதை சூடாக ஓடிக்கொண்டிருந்தது.

“றேஞ்சர்ஸ் மட்ச் எண்டா ஏறாவூரில இருந்து லொறி லொறியா வருவம்” என்றார் நளீர் நானா.

“ஆரையம்பதியில அண்டைக்கு மீன் வாங்க ஏலா. வலை போட ஆள் இரிக்காது” என்றார் கதிர்காமத்தம்பி. பஸ் கொண்டக்டராக இருந்தவர். அந்த இறுதிப்போட்டியை நிமிடம் நிமிடமாகக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார்.

வேராவைக் கண்டதும் கதிர்காமத்தம்பி கொப்பியை மூடினார்.

“என்ன மகள், இஞ்சால?” என்றார் நளீர் நானா. அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

“நானும் விளையாட வந்தன். டடாட மூடிய நான் பிடிக்கிறன்.”

நானா எண்ணெயில் பொரித்த வாய்ப்பன் ஒன்றை அவள் பக்கம் தள்ளிவிட்டு, “சரி, எண்பதாவது நிமிசம்” என்று தொடங்கினார்.

“ஏன் எண்பது? முதல்ல இருந்து விளையாடுங்க.”

“அது நேரம் போகும் புள்ள” என்றார் கதிர்காமத்தம்பி. “நாங்க எப்பவும் கடைசிப் பத்து நிமிசம்தான்.”

“பன்னிரண்டு வருசமாவா?”

கதிர்காமத்தம்பி தலையைச் சொறிந்தார். பிறகு கொப்பியின் முதல் பக்கத்தைப் புரட்டி வாசித்தார். “நாலாவது நிமிசம். அவங்கட ஆள் அடிச்சான். ஷோன் பிடிச்சான்.”

வேரா மூடியை நகர்த்திப் பந்தை மறித்தாள்.

“பதினொண்டு. ஷோன் தட்டி உட்டான். இருவத்தேழு. ஷோன்.” வாசிக்க வாசிக்க அவர் குரல் இறங்கியது. “நாப்பது. ரெண்டு பேர் தனிய வந்தாங்க. ஷோன் அவங்கட காலடியில பாஞ்சு பிடிச்சான்.”

“இதெல்லாம் எனக்கு மறந்தே போச்சே” என்றார் நானா.

எண்பத்தெட்டாவது நிமிடம் வரும்போது வேரா ஒன்பது தடவை மறித்திருந்தாள்.

“எங்கட ஆக்கள் எத்தின கோல் போட்டாங்க?” என்று கேட்டாள்.

“ஒண்டும் இல்ல.”

“அப்ப எப்பிடி வெல்லுற?”

புளியங்கொட்டை கோலுக்கு முன்னால் நின்றது. ஒவ்வோர் ஆண்டும் அதைச் சுண்டி விடுகிறவர் நளீர் நானா. கூடவே ஒரு கெட்ட வார்த்தையும் வரும். இன்று விரல் நீளவில்லை.

“தம்பி, நீங்க தள்ளுங்க” என்று கதிர்காமத்தம்பியைப் பார்த்தார்.

“எனக்குக் கண் தெரியல்ல” என்றார், இவ்வளவு நேரம் கண்ணாடி இல்லாமல் வாசித்தவர்.

“வேரா! எங்கெல்லாம் தேடுற உன்ன?”

வாசலில் ஷோன். பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் அந்தப் படியை மிதித்ததில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

ஷோன் மேசையைப் பார்த்தார். மகளின் விரலுக்கடியில் இருந்த மூடியைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. மெல்ல வந்து, தன் விரலாலேயே புளியங்கொட்டையைக் கோலுக்குள் தள்ளினார்.

“கோல்தான். என்ட கைதான் நழுவின. போதுமா?”

வேரா டடாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஓம், ஒண்டு உட்டாய்” என்றார் நளீர் நானா. அவர் கண்கள் கலங்கியிருந்தன. “ஒம்பது பிடிச்சிரிக்காய். அத நாங்க ஒரு நாளும் விளையாடல்ல ஷோன். எங்கட பிழை. இரி, தேத்தண்ணி போடுறன்.”

ஷோன் போகத் திரும்பினார். வேரா கையை விடவில்லை. அவர் மேசையருகே கிடந்த வாங்கில் உட்கார்ந்தார்.

தேநீர் பாதி முடிந்ததும், “எட்டு” என்றார்.

“என்ன எட்டு?” என்றார் நளீர் நானா.

“ஒம்பது இல்ல, எட்டு. இருவத்தேழாவது நிமிசம் நான் பிடிக்கல்ல. பந்து கம்பத்தில பட்டது.”

“என்ட கொப்பி பிழைக்காது!” என்று கதிர்காமத்தம்பி எழும்பினார்.

“கோலுக்க நிண்டது நான்தானே?” என்றார் ஷோன்.

மூடிகளை மறுபடி அடுக்கினார்கள். வேரா வாய்ப்பனைக் கடித்தாள். இந்தச் சண்டை இப்போதைக்கு முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.