மூச்சுக்கு இரண்டு அரசு

முன்கதவு பச்சை காட்டியது, பின்கதவு சிவப்பு. கண்ணாடி மூச்சறைக்குள் ஆவிக்குழலும் கையுமாக நின்ற வழக்கறிஞர் குற்றாலலிங்கத்துக்கு வியர்த்துக் கொட்டியது.

தென்காசி ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள் ஆளுக்கொரு மூச்சறை வழியாகத்தான் ஊருக்குள் போக வேண்டும். மணிக்கட்டில் பதித்த மின்சில்லில் பெயரைப் படித்து, மூச்சை முகர்ந்து, கதவுகள் முடிவு சொல்லும். பின்கதவு மத்திய அரசுடையது. ஆவிக்குழல் என்கிற மின்சிகரெட் அதற்குக் குற்றம். மூச்சில் ஆவி வாடை இருந்தால் மறுக்கும். முன்கதவு மாநில அரசுடையது. ஆவிக்குழல் அதற்குச் சிகரெட்டை மறக்கடிக்கும் மருந்து; அந்த மருந்துத் திட்டத்தில் பதிந்துகொண்டவர் மூச்சில் அந்த வாடை இல்லாவிட்டால் மறுத்துவிட்டு, குழலையும் நீட்டும். ஒன்று மறுத்தால் இரண்டுமே திறக்காது.

அந்தக் கடைசி விதி குற்றாலலிங்கத்தின் மூளையில் உதித்தது. மாநிலத்தைக் கேட்காமல் மத்திய அரசு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று டெல்லியில் தொண்டை கிழிய வாதாடி ஜெயித்திருந்தார். திட்டத்துக்கு விளம்பரமாக இருக்கட்டுமே என்று முதல் ஆளாகப் பதிந்துகொண்டவரும் அவர்தான். கெட்டிக்காரர்!

தங்கை பிரமு போனில் வந்தாள்.

"எங்கண்ணே நிக்க? அப்பாவ இன்னும் எவ்வளவு நேரம் போட்டு வச்சிருக்க? நீ வந்துல்லா கொள்ளி வைக்கணும்!"

"ஸ்டேஷன்லதான் நிக்கேன். கதவு தொறக்க மாட்டேங்கு."

"ஒன் கதவுதான அண்ணே?"

அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமலே போய்விடுமோ என்று பயந்தார்.

தலைமைச் செயலகத்தைக் கூப்பிட்டார். "உங்களுக்காக விதியைத் தளர்த்தினா கேஸே போயிடும் சார். கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார் செயலர். ரயில்வே அதிகாரியோ, "நாங்க தொறந்தா நீங்க ஜெயிச்சதா ஆயிடும் சார்" என்றார். அதற்குள் ஆவி வாடை கலைந்து, பின்கதவு பச்சையாகி முன்கதவு சிவந்தது. மறுபடி ஒரு குழல் நீண்டது. அவர் அதைத் தரையில் வீசினார்.

அப்போதுதான் தானே எழுதிய விலக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ரயிலில் வரும் சடலங்களுக்கு மூச்சில்லை. ஆகவே ஆட்சேபமும் இல்லை. கதவுக்கு மூக்கு உண்டே தவிரக் கண் கிடையாது.

மூச்சை இழுத்துப் பிடித்தார். நெஞ்சு எரிந்தது, காது அடைத்தது. விழப்போகும் நேரத்தில் இரண்டு கதவும் ஒரே குரலில் பேசின. "மூச்சில்லை. இறப்பு பதியப்பட்டது. தடையில்லை."

இரு அரசுகளும் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. வெளியே விழுந்து, இருமி எழுந்து ஓடினார்.

தகனக்கூடத்தில் அப்பாவை ஏற்கெனவே இயந்திரத்தின் முன் கிடத்தியிருந்தார்கள். அழுதுகொண்டே, கொள்ளிக்குப் பதிலாக இருந்த தீப்பலகையில் மணிக்கட்டை வைத்தார்.

"குற்றாலலிங்கம், இறந்தவர். கொள்ளி வைக்க உயிருள்ளவர் தேவை" என்றது இயந்திரம்.

பதறிப்போய் மறுபடி போன் செய்தார். "நீங்க செத்தது ரயில்வே இடத்துல சார், அவங்கதான் ரத்து பண்ணணும்" என்றது செயலகம். "இறப்புப் பதிவு மாநிலத்தோட வேலை சார்" என்றது ரயில்வே.

வேறு வழியில்லை. பிரமு கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கையை வைத்தாள். அப்பா உள்ளே போனார். குற்றாலலிங்கம் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார்.

கொஞ்ச நேரத்தில் இயந்திரத்தின் வாய் மறுபடி திறந்தது.

"அடுத்தது குற்றாலலிங்கம். உறவினர் கையை வைக்கவும்."

பிரமு வெடுக்கென்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.