குரல் கொடுப்பவள்

தீ வைப்பதற்கு முன்னாலேயே முயல்கள் வெளியே வந்துவிட்டன.

செவ்வந்திதான் முதலில் பார்த்தாள். வழக்கமாகப் புகை மூக்கில் ஏறிய பிறகுதான் அவை பனங்காட்டை விட்டுப் பாயும். கவுதாரிகள் அதற்கும் பிந்தி, சூடு தாங்காத கட்டத்தில்தான், மனசே இல்லாமல் எழும்பும். இன்றைக்குப் பந்தத்துக்கு இன்னும் எண்ணெய்கூட ஊற்றவில்லை. ஆனாலும் ஒரு தாய் முயலும் அதன் குட்டிகளும் காட்டைச் சுற்றி வெட்டிவிட்டிருந்த மணல் தடத்தைத் தாண்டி, மனிதர்கள் நிற்கிறார்களே என்ற கூச்சம் துளியும் இல்லாமல், அவள் காலை உரசுகிற மாதிரி ஓடிப் போயின. பின்னாலேயே ஓர் உடும்பு. அப்புறம் கவுதாரிகள், கூட்டமாக, ஒரு சத்தமும் போடாமல் நடந்தே வந்தன.

"கறிக்கு வழி பண்ணிட்டுல்ல போகுதுக!" என்று தழையால் தீயை அடித்து அடக்க வந்திருந்த கூலியாள்களில் ஒருவன் சிரித்தான். செவ்வந்திக்குச் சிரிப்பு வரவில்லை.

கீழக்கரைக்கு மேற்கே கடலோரமாகக் கிடந்த காடு அது. ஜமீன் ஒழிந்து சர்க்கார் கைக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. மாசிக் கடைசியில், புல் காய்ந்து, ஆனால் கோடைக்காற்று கிளம்பாத நாளாகப் பார்த்து, அடிக்காட்டை மட்டும் எரித்துவிடுவார்கள். சுற்றிலும் மணல் தெரிய வெட்டிவிட்டு, எதிர்காற்றில் தீயை வைத்தால் அது முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாமல் ஊர்ந்து போகும். உதிர்ந்த காவோலையும் புல்லும் பற்றையும் சாம்பலாகும், நிற்கிற பனைக்கு ஒன்றும் ஆகாது. அப்படி எரிக்காமல் விட்டால் வைகாசியில் ஒரு பீடித்துண்டு போதும், காடும் போய்விடும், காட்டை ஒட்டியிருக்கிற குடிசைகளும் போய்விடும். செவ்வந்தியின் குடிசையும் அதில் ஒன்று.

அவள் புருஷன் மலையாண்டிதான் இந்தக் காட்டுக்கு வாட்சர். பந்தம் அவன் கையில். செவ்வந்தியின் வேலை குரல் கொடுப்பது.

போன வருஷம்வரை ஃபாரஸ்ட் கார்டுதான் கத்துவார். "உள்ள யாருடா? வெளிய வா!" என்று சர்க்கார் குரலில் கத்தினால் எந்தப் பொம்பளை வெளியே வருவாள்? திருட்டுச் சுள்ளி பொறுக்கப் போனவளுக்குக் கட்டும் போகும், அரிவாளும் போகும், மேற்கொண்டு கேஸ் வேறு. அதனால் கார்டு குரல் கேட்டால் இன்னும் உள்ளே தள்ளிப்போய்ப் பதுங்குவார்கள். பூமயில் அப்படித்தான் தாழம்புதருக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் பதுங்கினாள். தீ வைத்தார்கள். தீ அணைந்த பிறகுதான் தெரிந்தது. அவள் வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளை ஒன்று இருந்தது, அதுவும் சித்திரை தாண்டவில்லை.

பூமயிலும் செவ்வந்தியும் எப்போதும் சேர்ந்துதான் போவார்கள். அன்றைக்கு மட்டும் செவ்வந்தி போகவில்லை. வயிற்றில் பிள்ளை, காலையிலிருந்து வாந்தி. அந்தப் பழைய கார்டு மாற்றலாகிப் போய், அப்துல் அஜீஸ் வந்ததும், செவ்வந்தியே அவர் முன்னால் போய் நின்று, "இனிமே நான் குரல் குடுக்குறேன் பாய். பொம்பளை கூப்பிட்டாத்தான் பொம்பளை வருவா. நான் சொல்லாம ஒரு குச்சி எரியக் கூடாது," என்றாள். நல்ல மனுஷன், சரி என்றார்.

அன்றைக்கு வயிற்றில் இருந்த பிள்ளை இதோ இப்போது உடைமரக் கிளையில் கட்டிய தொட்டிலில் சிணுங்கிக்கொண்டிருந்தது. வெயில் சாய்ந்துவிட்டது. பால் கொடுக்கிற நேரம். முதலில் குரல் கொடுத்து முடித்துவிடலாம் என்று செவ்வந்தி மணல் தடத்தில் நின்று இரண்டு கையையும் வாயில் குவித்தாள்.

"ஏ தாயீ...! தீ வைக்கப் போறோம்! நான் செவ்வந்தி கூப்பிடுறேன்! யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக, வெளிய வாங்க...!"

காவோலைகள் மட்டும் பனையோடு பனையாக உரசிச் சரசரத்தன. காய்ந்த புல்லின் வாசமும் தாழம்பூவின் கனத்த வாசமும் கடல் உப்போடு கலந்து முகத்தில் வந்து மோதின. அவள் கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை அவள் முடித்ததும் உள்ளேயிருந்து, "...வெளிய வாங்க..." என்று திரும்பி வந்தது.

எதிரொலி என்று நினைத்து இரண்டு எட்டு வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இது பொதபொதவென்ற மணல்காடு. பிறந்ததிலிருந்து இங்கன கத்துகிறாள், ஒரு நாளும் எதிரொலித்ததில்லை.

"உள்ள யாரு?"

"நான்தான்க்கா."

அடி ஆத்தாடி! ஆள் இருக்கிறது! பயந்த பயமெல்லாம் போய் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான்தான்னா யாருடி? தொண்ட கிழியக் கத்துறேன், உள்ள உக்காந்து என்ன பண்ற? வெளிய வா!"

"காலு மாட்டிக்கிருச்சுக்கா."

தொட்டிலில் சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று நிறுத்தியது. செவ்வந்தி திரும்பிப் பார்த்தாள். சேலைத் தொட்டிலின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளைப் பார்க்கவில்லை. காட்டைப் பார்த்துப் பொக்கைவாய் திறந்து சிரித்தது, அம்மா வருகிறபோது சிரிக்குமே, அந்தச் சிரிப்பு.

மலையாண்டி பந்தத்தோடு வந்தான். "என்ன புள்ள, காடு காலிதானே? பாய் அவசரப்படுத்துறாரு. காத்து மாறப் போகுதாம்."

"உள்ள ஒருத்தி இருக்கா. கால் மாட்டிக்கிருச்சாம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே."

"ஒங்க காதுல எதுதான் விழுந்துச்சு!"

அப்துல் அஜீஸ் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் முகம் சரியில்லை. "எனக்குக் கேட்டுச்சு. ஆனா தங்கச்சி, ரெண்டும் உன் குரல்தானே? நீயே கேள்வி கேட்டு நீயே பதில் சொல்றாப்லதான் கேட்டுச்சு." சொல்லிவிட்டு வாய்க்குள்ளேயே ஏதோ ஓதிக்கொண்டார். "விட்டுருவோம். இன்னைக்கு வேணாம், நாளைக்குப் பாப்போம்."

விட்டிருக்கலாம். விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குடிசைக்குப் போயிருக்கலாம். செவ்வந்தியின் உடம்பு பூராவும் அதைத்தான் சொன்னது. ஆனால் காட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல், இப்போது அழுகையோடு, "புள்ளைக்குப் பால் குடுக்கணும்க்கா, விட்டுட்டுப் போயிராத," என்றது. அதைக் கேட்டுவிட்டுப் போனால் அவள் மனுஷியா? பூமயிலும் இப்படித்தானே கடைசியில் கத்தியிருப்பாள்? கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. இன்றைக்குக் கேட்டவள் இருக்கிறாள்.

"நான் போயி இழுத்துட்டு வாரேன். நான் வாரவரைக்கும் பந்தத்தைக் கீழ எறக்கக் கூடாது."

"நீ வந்து என் முன்னால நின்னு சொன்னாத்தான் வைப்பேன். போயிட்டு வா," என்றான் மலையாண்டி. சொன்ன சொல் மாறாதவன். அந்தத் தைரியத்தில்தான் அவள் தடத்தைத் தாண்டி உள்ளே இறங்கினாள்.

புல் இடுப்பு உயரம். காலுக்கடியில் காவோலைகள் நொறுங்கின. வெளியே இன்னும் வெயில் இருந்தது, ஆனால் பனைகளின் நிழல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து உள்ளே அரைக்கருக்கலாகக் கிடந்தது. "எங்கனடி இருக்க?" என்றாள். "இங்கனக்கா" என்றது, தாழம்புதர் பக்கம். அங்கே போனால், "இங்கன" என்றது, இன்னும் உள்ளே. கூப்பிடக் கூப்பிட அந்தக் குரல் தெளிந்துகொண்டே வந்தது. "க்கா" கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. முதலில் இருந்த கரகரப்பு போயிற்று. இழுத்துப் பேசுகிற இழுப்பு, மூச்சு வாங்குகிற இடம், எல்லாம் அவளுடையது. தன் வாயிலிருந்து தான் பேசாத பேச்சு வருகிறதோ என்று அவள் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

தாழம்புதரைச் சுற்றிப் போனபோது அந்தப் பள்ளம் வந்தது.

போன வருஷத்துக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. சுற்றிலும் புல் தழைத்து மண்டியிருந்தது. பள்ளத்துக்குள் மட்டும் ஒரு முளைகூட இல்லை. வெறும் மணல். அதில் ஒருத்தி ஒருக்களித்து, காலை மடக்கிப் படுத்துக் கிடந்த தடம். தலை வைத்த குழி. முழங்கை ஊன்றிய குழி. இப்போதுதான் எழுந்து போன மாதிரி விளிம்பில் மணல் இன்னும் சரிந்துகொண்டிருந்தது. குனிந்து தொட்டாள். சூடு.

"ஏ புள்ள..." என்றாள்.



பள்ளத்திலிருந்து காலடித் தடம் ஒன்று புறப்பட்டுப் போனது. அவள் வந்த வழியை ஒட்டி. வெளியே போகிற பக்கமாக.

அப்போதுதான் பிள்ளை அழுதது, தொலைவில். ஒரே ஒரு வீறல். உடனே அடங்கியது. யாரோ தூக்கிவிட்ட மாதிரி.

செவ்வந்தி திரும்பி ஓடினாள். புல் காலைச் சுற்றியது. காவோலைக் கருக்கு கெண்டைக்காலைக் கிழித்தது. ஓடினாள். பனைகளுக்கு நடுவில் மணல் தடம் வெள்ளையாகத் தெரிந்தது. மலையாண்டி தெரிந்தான். அப்துல் அஜீஸ் தெரிந்தார். அவர்களுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பொம்பளை. செவ்வந்தி உடுத்தியிருந்த அதே கண்டாங்கிச் சேலை. அதே கொண்டை. இடுப்பில் பிள்ளை.

"உள்ள யாரும் இல்ல," என்றாள் அவள். செவ்வந்தியின் குரல். "பிரமையா இருக்கும். வைங்க."

"இந்தாங்க!" செவ்வந்தி அலறினாள். "நான் இங்கன இருக்கேன்! அவ நானில்ல! வைக்காதீங்க!"

மலையாண்டி நின்றான். தலையைச் சாய்த்துக் கேட்டான். ஐயா, சாமி, கேட்டுவிட்டது! "யாரோ கூப்பிட்டாப்ல இல்ல?" என்றான்.

"ஓலைச் சத்தம்," என்றாள் அந்தப் பொம்பளை. "ஒங்க காதுல எதுதான் விழுந்துச்சு!"

அவன் சிரித்தான். அவள் அவன் முன்னால் நின்று சொல்லியாகிவிட்டது. பந்தத்தை இறக்கினான்.

புல் பற்றிக்கொண்டது. கூலியாள்கள் ஆளுக்கொரு பந்தத்தை அதில் பற்றவைத்து, தரையில் இழுத்துக்கொண்டே இரண்டு பக்கமும் ஓடினார்கள். பழகிய வேலை, கண்மூடித் திறப்பதற்குள் தீ வரிசையாக எழுந்துவிட்டது. முழங்கால் உயரத் தீதான். தாண்டிவிடலாம் என்று பாய்ந்தாள். காற்று மாறியது. தீ எழுந்து நின்றது. பின்வாங்கினாள். வலப்பக்கம் ஓடினாள். தீ. இடப்பக்கம். தீ. கத்தினாள். புகை தொண்டையை அடைத்தது. வெளியே வந்ததெல்லாம் கரகரவென்ற ஒரு சத்தம். அது அவளுக்கே யாரோ போலக் கேட்டது.

அப்துல் அஜீஸ் மட்டும் ஒரு முறை காட்டுப் பக்கம் பார்த்தார். அப்புறம் அந்தப் பொம்பளையைப் பார்த்தார். அவள் இருக்கிறாளே, கண் முன்னால் நிற்கிறாளே. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

புகை ஒரு தரம் விலகியது. உடைமரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். காட்டைப் பார்த்து. சம்மணம் கூட்டி, தலைப்பை ஒதுக்கி, பிள்ளையை மடியில் சாய்த்திருந்தாள். பிள்ளை அவள் நெஞ்சில் கையை வைத்துத் தட்டித் தட்டிக் குடித்தது.

அந்த நெருப்புக்கு நடுவில் செவ்வந்தியின் மார்பு கடுத்தது. பால் சுரந்தது. கொஞ்சமில்லை, பிள்ளை வாய் வைத்து இழுக்கிறபோது வருமே, அப்படி வந்தது. சேலை நனைந்து, வயிற்றில் வழிந்து, காலடிக் காவோலையில் சொட்டியது. அங்கே பிள்ளை ஒவ்வொரு மடக்காக விழுங்க விழுங்க, இங்கே சொட்டிக்கொண்டே இருந்தது.