காயாத தோல்

"செத்தது எப்படிங்க பீப்பாயை விட்டு இறங்கிப் போகும்?"

"நாய் இழுத்துட்டுப் போயிருக்கும். ஒரு மாசமா இதே பாட்டு. வேற வேலை இல்லையா உனக்கு?"

"எந்த நாய்ங்க இந்தப் பக்கம் வருது? தெரு நாய்கூட நம்ம கேட்டைக் கண்டா எதிர்சாரியில போகுது."

"அப்ப பூனை."

"அவ்ளோ பெருசைப் பூனை இழுக்குமா? சொல்லும்போது உங்களுக்கே சிரிப்பு வரலையா?"

கேட்டுக்கு வெளியே ஸ்பேனர் பையோடு நான் நின்றுகொண்டிருந்தேன். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவில் நுழைவது எனக்கு எப்போதும் கூச்சமாக இருக்கும். அதிலும் உள்ளே கத்திக்கொண்டிருந்தது என் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி.

நான் தண்ணீர் மோட்டார் மெக்கானிக். அன்று காலையில் அவள் போன் செய்திருந்தாள். "அண்ணே, தொட்டிக்குத் தண்ணி ஏறலை. நீயே வாயேன். வேற யாரையும் அனுப்பாத." மோட்டாருக்காக மட்டும் அவள் கூப்பிடவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

கேட்டைத் தட்டினேன். மாப்பிள்ளைதான் வந்து திறந்தார்.

"வாங்க மச்சான். முதல்ல உங்க தங்கச்சி வாயில ஓடுற மோட்டாரை நிறுத்துங்க. வீட்டு மோட்டாரை அப்புறம் பாத்துக்கலாம்."

"அது கம்பெனியில வரும்போதே மாட்டி வந்தது மாப்ள. கழட்டினா வாரண்டி போயிடும்."

அவர் சிரித்தார். சிரித்தபடியே குனிந்து, தரையில் இருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கி வாயில் வைத்தார்.

குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார். நடுவில் மூச்சு விடவே இல்லை. தாடையில் வழிந்து சட்டை நனைந்தது. கேன் காலியானதும் அதன் அடியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வீட்டில் ஒரு நாற்றம் உண்டு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட்டில்தான் அவருக்குத் தொழில். பாம்புத்தோல். பை, பெல்ட், பர்ஸ் செய்கிறவர்களுக்கு வாங்கி விடுகிறார் என்றுதான் கல்யாணத்தின்போது சொன்னார்கள். உயிரோடு வாங்குகிறார் என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அடித்தது பழைய நாற்றம் இல்லை. ஊறிப்போன துணியையும் துருப்பிடித்த இரும்பையும் ஒரே வாளியில் போட்டு மூடி வைத்ததுபோல ஒரு வாடை. அது ஷெட்டிலிருந்து வரவில்லை. குழாய்களிலிருந்து வந்தது.

தங்கச்சி என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் குழாயைத் திறந்து காட்டினாள். முதலில் காற்று சீறியது. பிறகு கொழகொழவென்று ஒரு சொட்டு. அது விழவில்லை, தொங்கியது.

"ராத்திரியில எந்திரிச்சுப் போயிடறாருண்ணே," என்று காதோரம் கிசுகிசுத்தாள். "தேடிப் போனா ஷெட்டுல தரையில உக்காந்திருக்காரு. வேலைக்கு வச்சிருக்க தண்ணி ஓஸ் பைப்பை வாய்க்குள்ள விட்டுக்கிட்டு. கண்ணு தெறந்துதான் இருக்கு. கூப்பிட்டா கேக்கல. நான் ஓஸைப் புடிச்சு இழுக்கறேன்..."

"ம்."

"திருப்பி இழுக்குதுண்ணே. அவரு இல்ல. வேற எதுவோ."

"துணிமணியை எடு. என்கூடக் கிளம்பு."

"நான் வந்துட்டா யாரு இழுக்கறது?"

குழாயை மூடினேன்.

"பெரிய தோல் ஒண்ணு காயப் போட்டிருக்காரு," என்றாள். "அது காஞ்சதும் ஷெட்டை மூடிட்டு ரெண்டு பேரும் எங்கயாவது போயிடலாம்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிருக்காரு. சீக்கிரம் காயட்டும்னு நானே தினம் உப்புத் தேய்க்கறேன். அது காயவே மாட்டேங்குது."

ஷெட்டுக்குப் போனேன். மோட்டார் சுவிட்ச் அங்கேதான் இருந்தது. அதற்கு முன்னால் அந்தக் கதவைத் தாண்டி நான் உள்ளே போனதில்லை. போகாமலே இருந்திருக்கலாம்.

உரிக்கிறவர் ஒருவர்தான் வேலை செய்துகொண்டிருந்தார். மெலிந்த மனிதர், ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி இருந்தார். சாக்குக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தார். தலையில் சுத்தியலால் ஒரு தட்டு. கொல்ல இல்லை, மயங்க. கம்பியில் மாட்டினார். வாய்க்குள் ஓஸை நுழைத்து, கழுத்தோடு சேர்த்துக் கயிறால் இறுக்கி ஒரு முடிச்சு. குடத்துத் தண்ணீரை ஓஸின் மறுமுனையில் செருகிய புனலில் ஊற்றினார். அந்த உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக உப்பியது. செதிலுக்கும் செதிலுக்கும் நடுவில் வெள்ளைத் தோல் தெரிகிற அளவுக்கு உப்பியது. அப்போதும் வால் நுனி எதையோ பிடித்துக்கொள்ளத் தேடியது.

"மோட்டார் இருந்தா நொடியில ஆயிடும் மச்சான்," என்றார் என் பின்னாலேயே வந்திருந்த மாப்பிள்ளை. "உசுரு இருக்கும்போதே தண்ணி அடிச்சாத்தான் தோல் மெத்துனு கழண்டு வரும்."

ஒரு கீறல். அப்புறம் ஈரக் காலுறையைக் கழற்றுவதுபோல ஒரே இழுப்பு. அந்தச் சத்தம் இருக்கிறதே, அதை எழுத எனக்கு வார்த்தை இல்லை.

பாம்புக்குக் கத்தத் தெரியாது. அதனால்தான் இந்தத் தொழிலை வீட்டுக்குப் பின்னால் வைத்து நடத்த முடிகிறது. கத்தத் தெரிந்திருந்தால் அந்தத் தெருவில் ஒருவரும் குடியிருந்திருக்க மாட்டார்கள்.

உரித்த உடம்பைப் பீப்பாயில் எறிந்தார். எட்டிப் பார்த்தேன். பிழிந்த துணிகள்போல வெளிர் சிவப்பாக, ஒன்றன்மேல் ஒன்று. எல்லாம் அசைந்துகொண்டிருந்தன. ஒன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பாம்புக்கு இமை கிடையாது. பார்க்காமல் இருக்கக்கூட அதற்கு வழியில்லை.

"உசுரு இருக்கு மாப்ள."

"அட, வெறும் நரம்பு மச்சான். கோழியை அறுத்தாத் துள்ளுதுல்ல? அது மாதிரி."

"எவ்ளோ நேரம் துள்ளும்?"

"யாரு உக்காந்து பாத்தா?" என்று சிரித்துவிட்டுக் குடத்தில் மிச்சம் இருந்ததைத் தூக்கிக் குடித்தார்.

பின்சுவரில் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஆணி அடித்து விரித்த தோல். எல்லாம் சருகுபோல மொறுமொறுவென்று இருந்தன, நடுவில் இருந்ததைத் தவிர. மலைப்பாம்பு. கதவைவிட நீளமான பலகை, அதிலும் கொள்ளாமல் வால் பக்கம் மடித்து அடித்திருந்தது. கீழே தரையில் உப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. போன மாதம் உரித்தது. பீப்பாயை விட்டுக் காணாமல் போனது இதற்குச் சொந்தமான உடம்புதான்.

"எனக்குக் கிடைச்சதுலயே பெருசு இதுதான். நானே ஓஸைப் புடிச்சேன்," என்றார், பெருமையாக.

ஒரு விரலை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. விரலை எடுத்தேன்.

ஈ உட்கார்ந்தால் மாடு தோலைச் சிலிர்க்குமே.

அப்படிச் சிலிர்த்தது.

"இது காயாது மாப்ள. இப்பவே மூடிட்டு என்கூட வாங்க, ரெண்டு பேரும்."

"தண்ணி இல்லாம அரைகுறையா அலசினது மச்சான். மோட்டாரைச் சரி பண்ணிக் குடுங்க. நல்லா அலசிப் புது உப்புப் போட்டா ரெண்டு வெயில்ல காஞ்சிடும். அப்புறம் நீங்க சொல்ற இடத்துக்கு வர்றோம்."

தங்கச்சி வாசலில் நின்று என்னையே பார்த்தாள். தண்ணீர் வந்தால் தோல் காயும், தோல் காய்ந்தால் அவள் வெளியே வருவாள். சரி, பார்த்துவிடலாம் என்று போனேன்.

மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் அடைப்பு கீழேதான். வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் தரைக்குள் இருக்கிற தொட்டியின் மூடியைத் திறந்தேன். நாற்றம் முகத்தில் அறைந்தது. தண்ணீரை உறிஞ்சும் பைப்பைக் கழற்றி மேலே தூக்கினேன். கனத்தது. அடி வால்வில் மர வேர் புகுந்து சிக்கிக்கொள்வது வழக்கம்தான், நூறு வீட்டில் பார்த்திருக்கிறேன். இதிலும் வேர்தான். வால்வைச் சுற்றிச் சுற்றிப் பிடித்திருந்தது. மீதி தண்ணீருக்குள் போயிற்று. பட்டை உரிந்த வேர்போல வெளிர் சிவப்பாக இருந்தது.

அந்த வீட்டில் மரமே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

பிடித்து இழுத்தேன்.

அது திருப்பி இழுத்தது.

கையை உதறினேன். சுற்றுச் சுற்றாக வால்வை விட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் அது தண்ணீருக்குள் இறங்கியது. வட்டமாக ஒரு அலை. அலை அடங்கிய இடத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் மேல்நோக்கி நின்றன.

இமைக்கவில்லை.

மூடியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றேன்.

"ஆச்சா மச்சான்?" ஷெட்டுக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் குரல்.

"போட்றாதீங்க! சுவிட்சைப் போட்றாதீங்க!"

போட்டுவிட்டார்.

மோட்டார் ஓடியது. உறிஞ்சும் பைப் என் காலடியில் தரையில் கிடந்தது, எதிலும் மாட்டாமல். மோட்டார் வெறும் காற்றைத்தான் இழுக்க வேண்டும். வெறும் மோட்டாரின் சத்தம் எனக்குத் தெரியும், கீச்சென்று கத்தும். இது கத்தவில்லை. பாரம் ஏற ஏற முனகியது. தண்ணீர் போகிறது. இறுக்கமான ஏதோ ஓர் இடத்துக்குள் போகிறது.

தங்கச்சி ஓடினாள். நானும் ஓடினேன்.

மாப்பிள்ளை அந்தப் பெரிய பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். ஓஸ் வாய்க்குள். கழுத்தோடு சேர்த்துக் கயிறு. சட்டைப் பொத்தான்கள் தெறித்துத் தரையில் கிடந்தன. உரிக்கிறவர் சுவரோடு ஒட்டி நின்றார்.

"நான் கட்டலைங்க. சத்தியமா நான் கட்டலை." கழுத்துக் கயிற்றைக் காட்டினார். "ஆனா அது நான் போடற முடிச்சுதான்."

சுவிட்சை அணைத்தேன். நிற்கவில்லை. ப்யூஸைப் பிடுங்கிய பிறகுதான் நின்றது. தங்கச்சி உரிக்கிற கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். ஓஸ் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு மனிதனுக்குள் அவ்வளவு நீளம் போக இடம் கிடையாது.

அவர் கையைப் பிடித்துத் தூக்கினேன். கை வந்தது. தோல் மட்டும் என் பிடிக்குள் மெத்தென்று நகர்ந்தது.

ஆஸ்பத்திரியில் அவரைத் தொடவே நர்ஸ்கள் பயந்தார்கள். பிளாஸ்டர் ஒட்டினால் அதோடு தோல் கழன்று வந்தது. எப்படி இன்னும் இருக்கிறார் என்று டாக்டருக்கே புரியவில்லை. இருந்தார். கண்களை மூட முடியாமல், தங்கச்சியைப் பார்த்தபடி நாள்கணக்கில் இருந்தார். கடைசியில் ஒரு காலையில் டாக்டர் கருவிகளை அணைத்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"டாக்டர், விரல் அசையுதே," என்றாள் தங்கச்சி.

"உயிர் இல்லைம்மா," என்றார் அவர், ஆறுதலாக. "அது வெறும் நரம்பு."

எல்லாம் முடிந்து அந்த வீட்டுக்குப் போனபோது ஷெட் காலியாக இருந்தது. உரிக்கிறவர் ஒரு வண்டி கொண்டுவந்து மொத்தத் தோலையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாக எதிர்வீட்டுக்காரர் சொன்னார். ஆளும் போன இடம் தெரியவில்லை. பெரிய பலகை மட்டும் நின்றது. சுற்றிலும் ஆணிகள் அடித்தது அடித்தபடி இருந்தன. பலகையில் ஈரம். தரைத்தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

தங்கச்சி இப்போது என் வீட்டில் இருக்கிறாள். நன்றாகத்தான் இருந்தாள். போன வாரத்திலிருந்து நிறையத் தண்ணீர் குடிக்கிறாள். அழுது அழுது தாகம் எடுக்கிறது என்று நினைத்தோம். இன்று விடிந்ததும் பார்த்தேன், பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். செடிக்குத் தண்ணீர் விடுகிற ஓஸ் அவள் வாயில் இருந்தது. இழுத்தேன்.

திருப்பி இழுத்தது.

அவள் உப்புத் தேய்த்த கை. அதற்கு அந்தக் கை நினைவிருக்கிறது. தன் தோலைக் கேட்டு வந்திருக்கிறது. கொடுக்க எங்களிடம் தோல் இல்லை.

அதனால்தான் இதை இந்தக் குரூப்பில் எழுதுகிறேன். அந்தத் தோல் இந்நேரம் எங்கேயோ பையாகவோ, பர்ஸாகவோ, பெல்ட்டாகவோ, செருப்பாகவோ ஆகியிருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது புதிதாக வந்திருந்தால் எடுத்து ஒரு விரலை வைத்துப் பாருங்கள். ஈரம் இருக்கிறதா? விரலை எடுத்ததும் சிலிர்க்கிறதா? அப்படி இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எந்த ஊராக இருந்தாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். ஒரு துண்டு என்றாலும் பரவாயில்லை.

தங்கச்சியை அறைக்குள் படுக்க வைத்து, என் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன். வீட்டு மோட்டாரின் ப்யூஸைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டிருக்கிறேன். இதோ, தொட்டால் கையில் படுகிறது.

மோட்டார் இப்போது ஓடத் தொடங்கியிருக்கிறது.

பாரம் ஏறிய சத்தம்.

யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து உடனே இங்கே பதில் எழுதுங்கள்.