பதினேழாம் பெட்டி சொல்கிறது

கொலம்பியா ஆற்றங்கரையில், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் சர்வர் கூடம். ஜன்னல் கிடையாது. குளிர்காற்றின் இரைச்சல், சூடான பிளாஸ்டிக் வாசனை. அன்று மதியமும் வழக்கம்போலக் காபியோடு போனேன். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, என்னோடு வேலை பார்க்கும் கொலீன் திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவன் வேட் செத்தது அந்தக் கூடத்தில்தான். அப்போதெல்லாம் ஒரே ஒரு தலைமை சர்வர்தான் மற்றவற்றின் நிலவரத்தை விசாரிக்கும். ஒருநாள் தலைமையே படுத்துவிட்டது. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல், மூச்சை அடைக்கும் தீயணைப்பு வாயு திறந்துகொண்டது. பதினேழாம் சர்வர் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தான் வேட்.

அடுத்து எந்த முறை என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் கொலீன்தான் சண்டை போட்டாள். "தலைவனே வேணாம். ஒவ்வொண்ணும் பக்கத்துல இருக்கறதுகிட்ட ஊர்வம்பு மாதிரி சொல்லட்டும். இனிமே ஒருத்தரும் யாருக்கும் தெரியாம சாகக் கூடாது."

"ஊர் வாயை மூட உலைமூடி இல்லம்மா, பாத்துக்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதையே தேர்ந்தெடுத்தோம். உள்ளே போகிறவர் கையில் கட்டும் பட்டையும் அந்த வம்பில் சேர்த்தி. சர்வரோ பட்டையோ, 'இருக்கிறேன்' என்று சொல்லச் சொல்ல அதன் எண்ணிக்கை ஏறும். அதை அது மட்டும்தான் ஏற்ற முடியும். மற்றவை கேட்டதைத் திருப்பிச் சொல்லலாம், அவ்வளவே. ஒன்றின் குரல் கேட்காவிட்டால் அதன் மீது 'சந்தேகம்' என்று வம்பு பரவும்; அப்போதும் குரல் வராவிட்டால் 'இறப்பு'.

"ரஸ், இங்க பாரு" என்று கிசுகிசுத்தாள்.

பதினேழு: உயிரோடு. எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது.

அந்தப் பெட்டியை நானே நொறுக்கிக் குப்பைக்கு அனுப்பியிருந்தேன்.

"பழைய வம்பு சுத்துது, விடு."

"பழசுன்னா எண்ணிக்கை ஏறாதுடா. வேட் தனியா இருக்கான். போய்ப் பாக்கறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? நில்லு!"

வேட் பெயரை மையால் எழுதி வைத்திருந்த தன் பட்டையைக் கட்டிக்கொண்டு போயே விட்டாள். பதினேழு இருந்த வெற்றிடத்தின் முன்னால் நின்று, தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள்.

திரையில் ஒரு வரி வந்தது. பதினேழு சொல்கிறது: கொலீன் மீது சந்தேகம்.

பதினாறும் அதையே சொன்னது. பதினெட்டும்.

பிறகு எல்லாம். அவள் பட்டையின் 'இருக்கிறேன்' என்பதை ஒன்றுகூடத் திருப்பிச் சொல்லவில்லை.

'கொலீன் உயிரோடு' என்று அடித்தேன். அத்தனை வாய்க்கு எதிரே என் ஒரு வாய். யார் காதில் ஏறும்?

கொலீன்: இறப்பு. உள்ளே உயிருள்ளவர் யாருமில்லை.

பதினேழு சொல்கிறது: தீ.

கதவில் பூட்டு விழுந்தது. வாயு திறந்துகொண்டது.

அவள் கண்ணாடியை உள்ளங்கையால் அடித்தாள். நான் நாற்காலியால் அடித்தேன். கீறல்கூட விழவில்லை. கடவுளே, என் பெயரைத்தான் கத்தினாள். சத்தமே கேட்கவில்லை.

பட்டையைக் கழற்ற அவள் அம்மாவுக்கு மனம் வரவில்லை. கையோடேயே புதைத்தோம்.

இன்று கல்லறையிலிருந்து நேரே இங்கே வந்தேன். இந்த முறையை ஒழிக்க வேண்டுமானால் ஓர் ஆள் உள்ளே போய்த்தான் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். என் பட்டையைக் கட்டிக்கொண்டு திரையைப் போட்டேன்.

பதினேழு: உயிரோடு.

கொலீன்: உயிரோடு.

இரண்டு எண்ணிக்கைகளும் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. கீழே புதிதாக ஒரு வரி.

கொலீன் சொல்கிறாள்: ரஸ் மீது சந்தேகம்.