கருவிக்குள் உறைந்த நீர்

ஏரிக்குள் முக்குளித்த ஒலாவியைக் கயிற்றோடு இழுத்து வெளியே போட்டபோது உயிர் இல்லை. முகமூடி கழன்றிருந்தது. உபரி மூச்சுக்குழாயை வலது கை இறுகப் பிடித்திருந்தது. அது வாய்க்குப் போய்ச் சேரவில்லை.

காலை பதினொன்றரை. இன்ஸ்பெக்டர் ஹில்க்கா வந்தபோது, உறைந்த ஏரியில் அறுத்திருந்த துளையின் மேல் மெல்லிய ஏடு படிய ஆரம்பித்திருந்தது. காலணி நுனியால் அதை உடைத்துப் பார்த்தாள். பால் விடாத தேநீர் நிறத்தில் தண்ணீர். சதுப்புக் காட்டிலிருந்து வடிந்து வரும் ஏரி. அவள் சிறு வயதில் நீந்திப் பழகியதும் இதே நிறத் தண்ணீரில்தான்.

கரையோரத்தில், நீராவிக் குளியலுக்கான சவுனாக் குடிலில் மூன்று பேர் இருந்தார்கள். கயிற்றைப் பிடித்திருந்த சைமி, ஒலாவியின் மனைவி. எதிரே தாவெத்தி, ஒலாவி சோதித்த புதிய ரெகுலேட்டரை, அதாவது நீருக்கடியில் மூச்சுக்காற்றை அளந்து விடும் கருவியை, வடிவமைத்தவன். அடுப்பருகே யால்மரி. மீட்புப் படையினர் பல வருடங்களாக மாட்டிக்கொண்டு இறங்கும் பழைய ரெகுலேட்டர் அவர் செய்தது.

குளிர்ந்த நீரில் ரெகுலேட்டரின் சுருள்வில்லைச் சுற்றிப் பனி பிடித்தால் காற்று கட்டுக்கு அடங்காமல் பீறிடும். அதைத் தடுக்கத்தான் தாவெத்தி வில்லைச் சிறு அறைக்குள் வைத்து, ஆல்கஹால் நிரப்பி, ரப்பர் சவ்வால் மூடியிருந்தான். அன்று கடைசிச் சோதனை. தேறிவிட்டால் யால்மரியின் கருவிக்கு ஓய்வு.

துளையில் நீர் கொதிப்பதுபோல் குமிழி கிளம்பியதும் இழுக்க ஆரம்பித்ததாகச் சைமி சொன்னாள். பீறிட்ட காற்று முகமூடியைத் தள்ளியிருக்கும், ஐஸ் தண்ணீர் முகத்தில் அறைந்ததும் இதயம் நின்றிருக்கும் என்பது ஆம்புலன்ஸில் வந்த மருத்துவரின் கணிப்பு.

"சவ்வு கிழிஞ்சிருக்கு. நானே பாத்தேன்," என்றார் யால்மரி. "இறங்கும்போது பனி விளிம்புல இடிச்சிருக்கும். ஏரித் தண்ணி உள்ள போய் உறைஞ்சிருச்சு. இது தாங்காதுன்னு நான் ஆரம்பத்துலயே சொன்னேன்."

தாவெத்தி தலை நிமிரவில்லை. "நான்தான் அவனைக் கொன்னுட்டேன்."

ஹில்க்கா அவனிடம் சுருக்கமாகக் கேட்டாள்.

"ஆல்கஹால் நிரப்பினது யாரு?"

"நான்தான். நேத்து சாயங்காலம்."

"அப்புறம் கருவி எங்க இருந்துச்சு?"

"இந்த பெஞ்சு மேல. உறையக் கூடாதுன்னு அடுப்புப் பக்கத்துல வச்சேன்."

காலையில் மூவருமே குடிலுக்கு வந்து போயிருந்தார்கள். அதனால் ஒன்றும் தெளியவில்லை. ஒலாவியின் உடலிலிருந்து கருவியைக் கழற்றியது யார் என்று சைமியைக் கேட்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை தானும் தாவெத்தியும் மாறி மாறி அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்ததாகவும், யால்மரிதான் எல்லாவற்றையும் கழற்றி விறகுக் கொட்டகைக்குக் கொண்டுபோனதாகவும் அவள் சொன்னாள். போலீஸ் வரும்வரை யாரும் தொடக் கூடாது என்று அவரே கொட்டகையைப் பூட்டியும் இருந்தார்.

கொட்டகையில் கடுங்குளிர். கருவி அப்படியே விறைத்துக் கிடந்தது. சவ்வில் விரல் நீளக் கிழிசல். ஹில்க்கா அதைக் குடிலுக்கு எடுத்து வந்து, எல்லோர் முன்னிலையிலும் தாவெத்தியைத் திறக்கச் சொன்னாள். வில்லைச் சுற்றியிருந்த பனிக்கட்டியைப் பெயர்த்து வெள்ளைத் தட்டில் போட்டு, அடுப்பருகே வைத்தாள். அது முழுக்க உருகியது. அவள் குனிந்து முகர்ந்தாள். பிறகு வெளியே போய், துளையிலிருந்து ஒரு கோப்பைத் தண்ணீர் மொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள்.

"யால்மரி, சவ்வு தண்ணிக்குள்ள கிழிஞ்சிருந்தா உள்ள எந்தத் தண்ணி போயிருக்கும்?"

"ஏரித் தண்ணிதான்."

"ஏரித் தண்ணி இது." கோப்பையைக் காட்டினாள். பழுப்பு. "கருவிக்குள்ள இருந்தது இது." தட்டில் இருந்த நீருக்கு நிறமே இல்லை. "ஆல்கஹால் வாசனையும் துளி இல்ல. இது குழாய்த் தண்ணி. அவன் இறங்குறதுக்கு முன்னாடியே உள்ள இருந்திருக்கு. உறைஞ்சு முடியுற வரைக்கும் சவ்வு கிழியவே இல்ல."

யால்மரி தட்டையே பார்த்தார்.

"அப்போ சவ்வு அதுக்கப்புறம் கிழிஞ்சிருக்கு," ஹில்க்கா தொடர்ந்தாள். "முழுசா இருந்தா, தண்ணி எப்படி உள்ள வந்துச்சுன்னு கேள்வி வரும். உள்ள தண்ணி இருக்குன்னு தெரிஞ்சவனுக்குத்தான் அதுக்கு ஒரு வழி காட்ட வேண்டியிருந்துச்சு. இவங்க ரெண்டு பேரும் ஒலாவியைப் பிழைக்க வைக்கப் பாடுபட்டுக்கிட்டு இருந்தாங்க. கருவி உங்க ஒருத்தர் கையிலதான் இருந்துச்சு. நீங்கதான் கிழிச்சீங்க. ஆல்கஹாலைக் கொட்டிட்டுத் தண்ணி ஊத்தினதும் நீங்கதான்."

யால்மரி ஒப்புக்கொண்டார். சோதனை தோற்றால் போதும் என்று நினைத்ததாகச் சொன்னார். ஒலாவிக்கு இது பழக்கம்தான், எத்தனையோ முறை காற்று பீறிட்டும் உபரிக் குழாயை மாட்டிக்கொண்டு சிரித்தபடி மேலே வந்தவன், இன்றும் அப்படியே வருவான் என்று நம்பியிருக்கிறார்.

சைமி எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள். அடிக்கப் போகிறாளோ என்று ஹில்க்கா ஒரு அடி முன்வைத்தாள். சைமி கையை ஓங்கவில்லை.

"அவ்வளவு நம்பிக்கை இருந்துச்சுன்னா," என்றாள் அடங்கிய குரலில், "அதை நீங்களே மாட்டிக்கிட்டு இறங்கியிருக்கலாமே, யால்மரி."

ஹில்க்கா கதவைத் திறந்து, அவரை முன்னால் போகச் சொன்னாள்.