துலுக்காணத்துக்கு ஒரு மணி

அன்று கிளினிக் முன்னறையில் இருந்தவர்கள் மூன்று பேர். பல் டாக்டர் கல்பனா, அவளுடைய தாய் செங்கம்மா, பெங்களூர் கம்ப்யூட்டர் வேலையிலிருந்து விடுப்பில் வந்திருந்த தம்பி தேவேந்திரன்.

சத்தியவேடு பஸ் நிலையத்துச் சாலையில் இருக்கும் கல்பனாவின் கிளினிக்குக்கு தேவேந்திரன் ஆன்லைன் முன்பதிவு வசதி செய்துகொடுத்திருந்தான். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனிப் பெண்கள் இனி விடுதியில் இருந்தபடியே போனில் பெயரும் நேரமும் போடலாம். போட்டதும் காலண்டரில் அந்தக் கட்டம் மஞ்சளாகும். வரும் மெசேஜுக்கு ‘1’ என்று பதில் அனுப்பினால் பச்சையாகும்.

"யாரு பேரையாவது போட்டுப் பாக்கணும்க்கா," என்றான்.

"மொத பேரு உங்க தாத்தாவுது," என்றாள் செங்கம்மா.

அந்த வீட்டு வழக்கம் அப்படி. கல்யாணப் பத்திரிகை அடித்து வந்தாலும் முதல் பத்திரிகை இறந்தவர்களின் படத்துக்கு முன்னால்தான் வைக்கப்படும். துலுக்காணம் செங்கம்மாவின் மாமனார். அடுத்தவன் வயலில் கூலிக்கு இறங்கிய கால்களோடு நடந்துபோய், கிளினிக் நிற்கும் இந்த மனையைத் தன் பெயருக்கு எழுதி வாங்கியவர்.

"எந்த நேரம்?"

"ஒரு மணி. அப்பதான் கூழு குடிக்க வருவாரு."

"என்னிக்கு?"

"அவரு இன்னா விருந்தாளியா, ஒரு நாள் தலைய காட்டிட்டுப் போறதுக்கு? டெய்லின்னு போடுடா."

தேவேந்திரன் சிரித்துக்கொண்டே தட்டினான். படிவம் போன் நம்பர் கேட்டது. கிழவரோடு செத்துப்போன நம்பரையே செங்கம்மா சொன்னாள். கட்டம் மஞ்சளானது. மூவரும் டீ குடித்து முடிப்பதற்குள் பச்சையானது.

"அந்த நம்பர வேற எவனுக்குனா குடுத்திருப்பாங்க," என்றான் தேவேந்திரன். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. விடிந்ததும் பஸ் ஏறினான்.

மறுநாள் மதியம் கல்பனா சாப்பிடப் போயிருந்தாள். வெளியே கண்டக்டர்களின் கூவல் ஓய்ந்து, தார்ச்சாலையின் வெக்கை பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் நாய்போல வந்து படுத்துக்கொள்ள, கிராம்பு எண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த வழக்கமான வாடைக்குள் எங்கிருந்தோ உழுத சேற்றின் வாடை மெல்ல நுழைவதை, முன்னறை மேசையில் காவலுக்கு உட்கார்ந்திருந்த செங்கம்மா முதலில் மூக்கால்தான் அறிந்தாள். பிறகு காதால். திரைச்சீலைக்குப் பின்னே நோயாளி நாற்காலியின் மோட்டார் முனகியது. நாற்காலி சாய்கிறது. யாரையோ படுக்கவைத்துக்கொண்டு, மெதுவாகச் சாய்கிறது.

திரையை விலக்கினாள். யாரும் இல்லை. விளக்கு எரிந்தது. எச்சில் துப்பும் கிண்ணத்தில் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் வெள்ளையாக ஏதோ. விரலால் எடுத்துப் பார்த்தாள். ஊறிப்போன பச்சரிசி.

வாய்க்கரிசி. அவளே போட்டது. சுடுகாட்டுக்குத் தூக்குவதற்கு முன், புறங்கையால், அவர் வாயில்.

கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, "வந்ததுல சந்தோசம் மாமா," என்று சொல்லிவிட்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள். மகளிடம் மூச்சுவிடவில்லை.

அரிசி நாளுக்கு நாள் கூடியது. சீக்கிரமே வந்து காத்திருந்த சூளூர்பேட்டை ரத்னம்மா, திரைக்குப் பின்னால் யாரோ இருமுவதைக் கேட்டுவிட்டு, "லோபல எவரம்மா? ஆ தக்கு ஏமிட்டி?" என்று தெலுங்கில் கேட்டாள், உள்ளே யார், அது என்ன இருமல் என்று.

"எங்க வீட்டு ஆளுதான். உனக்குப் பல்லு வலியா, காது வலியா?" என்று வாயடைத்தாள் செங்கம்மா. ஆனால் சூளூர்பேட்டை ரயிலில் ஏறிய பேச்சு நிற்குமா? முன்பதிவுகள் குறைந்தன. கடைசியில் கல்பனாவே அரிசியைப் பார்த்துவிட்டாள்.

"எம்மா, அந்த ஒரு மணி புக்கிங்க அழிச்சிடறேன். ஒரே ஒரு பட்டன்தான்."

"கைய எடு! கூப்புட்டுட்டு வராதேன்னு சொல்ற வீடாடி இது?"

"இப்டியே போனா பேஷண்ட்டே வரமாட்டாங்க. நான் சென்னைக்குப் போய்டறேன்."

"போ. சேத்துல நின்னு உன்னப் படிக்க வெச்சவருக்குப் பயந்துக்கினு ஊர வுட்டு ஓடனேன்னு பேரு வாங்கு."

கல்பனா அழுதாள். செங்கம்மா கண்ணைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குள்ளும் அதே பயம்தான். அதற்கு வாய் கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அப்போது கல்பனாவின் போன் அதிர்ந்தது.

"எம்மா. எனக்கு மெசேஜ் வந்துகீது."

காலண்டரில் ஒரு மணிக்குப் பக்கத்துக் கட்டம். இரண்டு மணி. யாரும் எதுவும் போடவில்லை. கட்டம் மஞ்சளாக இருந்தது. பெயர்: கல்பனா. உறுதி செய்ய ‘1’ அனுப்பவும்.

திரைக்குப் பின்னே மோட்டார் முனகியது.

செங்கம்மா மகளின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். உள்ளே போனாள். திரையை இழுத்து மூடினாள்.

சேற்று வாடை. குளிர். நாற்காலி முழுவதும் சாய்ந்திருந்தது. மெத்தை பள்ளமாக அழுந்தியிருந்தது. நோயாளியின் மார்பில் விரிக்கும் நீலக் காகிதம் அந்தரத்தில் வளைந்து நின்றது. ஏறியது. இறங்கியது. மூச்சு.

"மாமா." மறுபடி சொன்னாள். "மாமா. ஒரு மணி உங்களுது. அது எங்க மரியாதை. எவன் சொன்னாலும் அழிக்க மாட்டேன். ஆனா எம்பொண்ணு உசுரோட கீறா. அவ நேரத்துல கை வெச்சா மாமனாருன்னு பாக்க மாட்டேன்."

காகிதம் நின்றது.

"தனியா இருக்க முடிலயா? நான் உக்காந்துக்கினு இருக்கேன். தெனமும். எங்கூட வெச்சுக்க, உன் கணக்க."

மரியாதை போய் ‘உன்’ வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. அவள் மணிக்கட்டை ஏதோ பிடித்தது. ஈரம். மண். விடவில்லை. அவளும் இழுக்கவில்லை. ஸ்டூலைக் காலால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

வெளியே கல்பனா மேசைக் கம்ப்யூட்டரில் காலண்டரைப் பார்த்தபடி நின்றாள். இரண்டு மணிக் கட்டம் வெள்ளையானது.

செங்கம்மா மந்திரவாதியை அழைத்துக் கழிப்பு கழித்தாள் என்றும், கிளினிக்கை மூடிவிட்டார்கள் என்றும் சத்தியவேட்டில் பேச்சு இருக்கிறது. இரண்டும் பொய். அந்தக் குடும்பம் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. கிளினிக் காலையில் திறக்கிறது, மாலையில் மூடுகிறது. கல்பனா அங்கேதான் வைத்தியம் பார்க்கிறாள். மதியம் ஒரு மணிக்குச் செங்கம்மா உள்ளே போய், திரையை இழுத்துவிட்டு, கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள். அந்த நேரத்தில் அவள் காலி நாற்காலியோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்றும் சொல்கிறார்கள்.

நாற்காலி காலியாக இல்லை.