மூன்று வீட்டுக்கும் ஒரே காற்று

"ராத்திரி பூரா கண்ணு மூடல்லே… இதுக்குப் பேரு வீடா, அடுப்பா?"

காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டே சாம்பசிவன் கேட்டார். அவர் மனைவி விஜயம் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டாள். மணி ஆறரைதான் ஆகியிருந்தது. அதற்குள் அவர் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மார்ச் மாதம். கரமனை ஆற்றங்கரையில் அவர்கள் புது வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நடு மாடியில் இருக்கும் ஓர்ப்படி மாளவிகா, ஒன்றரை வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்ததும் வராததுமாகக் குழந்தையின் சட்டையை விலக்கிக் காட்டினாள். முதுகு நிறைய வேர்க்குரு.

"பாருங்கோ மன்னி, நன்னாப் பாருங்கோ! ஃபேன் ஓடினா சூட்டுக்காத்து. சாயங்காலம் கரண்ட் கட் பண்ணினா அதுவும் இல்லே. ஃபேனே வேண்டியிருக்காது, கரண்ட் பில் பாதியாயிடும்னு பறஞ்சேளே… கொழந்தை தூங்கறதே இல்லே மன்னி!"

"அவகிட்டே எதுக்குக் கேக்கறே மாளவிகா?" என்றார் சாம்பசிவன். "பதினோரு வருஷம் பென்சில் தொடாதவளை நம்பி மூணு குடும்பத்தோட வீட்டைக் கொடுத்தேனே, என்னைச் சொல்லணும்!"

விஜயம் தோசையைத் திருப்பிப் போட்டாள். அந்தப் பதினோரு வருஷம் அவள் ஏன் பென்சில் தொடவில்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

கல்யாணமாகி வரும்போது விஜயம் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்தவள். வழுதக்காட்டில் ஒரு கட்டட வரைபட ஆபீசில் வேலை பார்த்தாள். மாமியார் பக்கவாதத்தில் விழுந்தபோது, யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்று பேச்சு வந்தது. அந்த ஒருவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. அவளே ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். அந்த அம்மாள் கண் மூடும்வரை பதினோரு வருஷம் துடைத்துக் குளிப்பாட்டிச் சோறூட்டியவள் அவள்தான்.

பிறகு பழைய வீட்டை இடித்து மூன்று பேருக்கும் ஒரே கட்டடமாகக் கட்டுவதென்று முடிவாயிற்று. சாம்பசிவனுக்கு ஒன்று, தம்பி மகேஷுக்கு ஒன்று, தங்கை கௌசல்யாவுக்கு ஒன்று. பிளான் நான் போடுகிறேன் என்று விஜயம் கேட்டு வாங்கிக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

அக்ரஹாரத்து மனை; அகலம் குறைவு, நீளம் அதிகம். இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு ஒட்டியவை, ஜன்னல் வைக்க முடியாது. செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு எழுப்பும் எலிப்பொறிக் கட்டு முறையில் சுவர்களை எழுப்பச் சொன்னாள். வெயிலின் சூடு அந்த வெற்றிடத்தைத் தாண்டி உள்ளே வராது. பூச்சு வேண்டாம், சிமென்டும் குறையும். பழைய வீட்டின் ஓடுகளையே தளத்துக்குள் பதித்துக் கான்கிரீட் போட்டார்கள். பக்கத்தில் ஜன்னல் இல்லாத குறைக்கு, கட்டடத்தின் நடுவில் தரையிலிருந்து கூரைவரை காற்று ஏறும் கூண்டாக ஒரு ஷாஃப்ட் ஏறியது. கீழ்வீட்டின் பின்சுவரைச் செங்கல் விட்டு விட்டு அடுக்கி ஓட்டை ஓட்டையான ஜாளியாக வைத்தாள். ஆற்றுப் பக்கத்துக் குளிர்ந்த காற்று அதன் வழியாக நுழைந்து, ஷாஃப்டில் ஏறி, மூன்று வீட்டுக்கும் புகுந்து மேலே வெளியேற வேண்டும்.

"பூசாத சுவருக்குள்ளே யாரு இருப்பா? பாத்தா அரைகுறையா விட்ட கட்டடம்னு சொல்லுவா!" என்று மாளவிகா அப்போதே அழுதாள். வெயில் விழும் மேல்வீட்டை வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. முழங்கால் வலியோடு விஜயமே அதை எடுத்துக்கொண்டாள்.

தை மாதம் குடிவந்தபோது காற்று வீசத்தான் செய்தது. ஷாஃப்ட் பக்கம் மாட்டிய காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டது. இப்போது என்ன ஆயிற்று?

அவர் ஆபீசுக்குக் கிளம்பியதும் விஜயம் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி ஷாஃப்டின் திறப்பில் பிடித்தாள். புகை ஏறவில்லை. அங்கேயே சுருண்டு சுருண்டு நின்றது.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினாள்.

கீழ்வீட்டில் கௌசல்யா தனியாக இருந்தாள். பிளவுஸ் தைத்துக் கொடுத்துப் பிழைப்பு. புருஷன் பம்பாய்க்குப் போய் ஆறு வருஷம் ஆயிற்று. வருவான் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பகல் பதினோரு மணிக்கு அவள் அறையில் ட்யூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. ஜாளி இருந்த சுவரை முழுக்க மறைத்துப் பிளைவுட் பலகை அடித்திருந்தது. அதற்கு முட்டுக்கொடுத்தாற்போல இரும்பு பீரோ.

விஜயம் வாய் திறப்பதற்குள் பலகைக்கு அப்பால் ஒரு குரல் கேட்டது. ஆற்றுப் படித்துறைக்குப் போகும் சந்து அங்கேதான்.

"கௌசல்யா உள்ளே உண்டோ? ஏன்டீ, பம்பாய்லேருந்து லெட்டர் ஏதாவது வந்துதா?"

கௌசல்யாவின் கை தையல் மிஷின் சக்கரத்தின் மேல் அப்படியே நின்றது. பேசாதீர்கள் என்று கண்ணாலேயே மன்னியைக் கெஞ்சினாள். வெளியே கொஞ்ச நேரம் நின்ற குரல், "பாவம்…" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே நகர்ந்தது.

விஜயத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இதை மேலே போய்ச் சொன்னால் மகேஷ் இன்றைக்கே வந்து பலகையைப் பிடுங்கிவிடுவான். ஏன், எதற்கு என்று மூன்று மாடியும் சத்தம் போடும். சந்தில் போகிறவர்களுக்கெல்லாம் அது கேட்கும்.

"காப்பிப் பொடி இருக்காடீ கொஞ்சம்?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு படியேறினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் மேல்வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். வீட்டைக் கட்டிய மேஸ்திரி தாணுமாலையனை மகேஷ் கூட்டி வந்திருந்தான். நாகர்கோவில்காரர், வழுதக்காட்டு ஆபீஸ் நாளிலிருந்தே விஜயத்துக்குத் தெரிந்தவர்.

"ஷாஃப்டை அடைச்சிடலாம் மேஸ்திரி. ரெண்டு வீட்டுக்கும் ஏசி வெக்கப் போறோம். சுவரெல்லாம் பூசிடுங்கோ. மன்னி, தப்பா நெனக்காதீங்கோ. பேப்பர்லே போடறது ஒண்ணு, ஆள் இருந்து பொழைக்கறது வேற ஒண்ணு," என்றான் மகேஷ்.

"போட்டது தப்புன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கோயேன் விஜயம்!" என்றார் சாம்பசிவன்.

"ஆமாம்… என் கணக்கு தப்பிப் போச்சு. அடைச்சுடுங்கோ."

மாளவிகாவே திகைத்துப்போனாள். வாதாடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வாசற்படி ஓரமாக நின்ற கௌசல்யா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

மேஸ்திரி மட்டும் தலையை ஆட்டினார். "எம்மா, நீங்க இப்பிடிச் சொல்லலாமா? சொவருல தப்பில்ல, தளத்துலயும் தப்பில்ல. காத்து எங்கயோ நின்னு போச்சு, அவ்வளவுதான். கீழ உள்ள ஜாளி வழியா வந்தாத்தானே மூணு வீட்டுக்கும் ஏறும்? அத ஒரு தடவ பாத்துட்டு வந்திருதேன்."

"வேண்டாம் மேஸ்திரி!" விஜயம் சட்டென்று எழுந்து வழியை மறித்தாள். "அங்கே பாக்க ஒண்ணுமில்லே. நான்தான் சொல்றேனே, தப்பு என்னோடதுன்னு!"

"பொய்!"

கௌசல்யாவின் குரல் உடைந்து வந்தது.

"மன்னி பொய் சொல்றா! நான்தான் அடைச்சேன்… பலகை அடிச்சு பீரோவைத் தள்ளி வெச்சிருக்கேன்! குளிக்கப் போறவா எல்லாம் ஓட்டை வழியாப் பாத்துண்டு நிக்கறா… லெட்டர் வந்துதா, ஆள் வந்தானான்னு… எத்தனை நாள்தான் பதில் சொல்லுவேன்? என் ரூம் காத்துதான் எல்லாருக்கும் போறதுன்னு எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது! ஆனா நீங்க வந்து பாத்தேளே மன்னி! ஏன் ஒரு வார்த்தை பறயல்லே? இத்தனை பேச்சும் கேட்டுண்டு…"

மாளவிகா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தலைகுனிந்தாள். மகேஷும் மேஸ்திரியும் கீழே இறங்கிப் போனார்கள். பீரோ நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஆணி பிடுங்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் ஷாஃப்டின் திறப்பிலிருந்து சிமென்ட் தூசியோடு ஒரு காற்று கூடத்துக்குள் வந்தது. நல்ல குளிர்ந்த காற்று.

சாம்பசிவன் ஈஸிசேரிலிருந்து எழுந்தார். மனைவியின் பக்கத்தில் வந்து நின்றாரே தவிர, முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எங்க அம்மாவுக்குச் செஞ்சதைத்தான் பென்சில் தொடல்லேன்னு சொல்லிக் காட்டினேன்… என் வாய்லே மண்ணைப் போடு விஜயம்."

"போறும். எனக்கும் தப்பு உண்டு," என்றாள் அவள். "காத்து எந்தப் பக்கத்துலேருந்து வரும்னு பாத்தேன். மனுஷா கண்ணு எந்தப் பக்கத்துலேருந்து வரும்னு பாக்கல்லே."

அன்று மத்தியானம் மாளவிகாவின் குழந்தை மூன்று மணிநேரம் அடித்துப்போட்டாற்போலத் தூங்கியது. விஜயம் பழைய பிளானும் பென்சிலும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனாள். பலகை எடுத்த இடத்தில் தற்காலிகமாக ஒரு பழைய புடவை தொங்கிக்கொண்டிருந்தது. கௌசல்யா அழுது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"செங்கல்லை நேரா வெக்காம சாய்ச்சு அடுக்கச் சொல்றேன். காத்து வளைஞ்சு வந்துடும், பார்வை வராது. அதை மேஸ்திரி பாத்துப்பார். இப்போ இந்த ரூமைப் புதுசாப் போடணும். போன தடவை நான் ஒருத்தர்கிட்டேயும் ஒண்ணும் கேக்கல்லே, நானே எல்லாம் போட்டுட்டேன். நீ சொல்லு, மிஷின் எங்கே வேணும்?"

"வெளிச்சத்துப் பக்கமா."

"கட்டில்?"

கௌசல்யா எட்டிப் பார்த்தாள். பழைய பிளானில் அந்த அறை நடுவில் பெரிய இரட்டைக் கட்டில் ஒன்று வரைந்திருந்தது.

"ஒத்தைக் கட்டில் மதி மன்னி, அது போறும்," என்றாள். ரப்பரை மன்னியின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "அவர் வரமாட்டார்… வேற குடும்பம் ஆயாச்சு. ரெண்டு வருஷமாத் தெரியும். யார்கிட்டேயும் பறயல்லே."

விஜயம் பென்சிலைக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். கௌசல்யா குழந்தை மாதிரி விசித்து விசித்து அழுதாள். அழுது முடியட்டும் என்று விஜயம் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு ரப்பரை எடுத்து அந்தப் பெரிய கட்டிலை அழித்துவிட்டு, ஜாளிக்குப் பக்கத்தில், காற்று நேராக உடம்பில் படுகிற இடத்தில், சின்னதாக ஒரு கட்டில் வரைந்தாள்.